எந்த வரி என்று காட்டுங்கள், சார்

என்னிடம் வேலை பழகிய உங்களில் இரண்டு பேர் போன வாரம் அடுத்தடுத்து என்னைக் கூப்பிட்டீர்கள். இருவரும் கேட்டது ஒன்றுதான். லினக்ஸில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, விண்டோஸில் மட்டும் ஒரு டெஸ்ட் ஃபெயிலாகிறது, நாளைக்கு ரிலீஸ், யாருடைய மாற்றத்தைத் தூக்குவது? ரிட்டையராகி வேப்பம்பட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் ஆளிடம் இதைக் கேட்டால் அவன் சட்டென்று பதில் சொல்லிவிடக் கூடாது. நானும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு குழாயைக்கூட மூடாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். ஆமாம் என்றேன். இதே கேள்வியை ஒரு வெள்ளிக்கிழமை நானே கேட்டு, நானே பதிலும் எழுதி, ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பி வைத்தவன் நான். அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த முதல் சில வருடங்களில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். லாரிகளை எடை போடும் எடைமேடைக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. மேடைக்குக் கீழே இருக்கும் கருவி எடையைக் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நாங்கள் அதைப் படித்துச் சீட்டு அடித்துக் கொடுப்போம். அந்தப் படிக்கிற வேலையை நாங்கள் எழுதவில்லை. பல தேசங்களில் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய ஒரு ஓப்பன் சோர்ஸ் நிரல் அதைச் செய்தது. அவர்களில் யாரிடமும் விண்டோஸ் கிடையாது, வைத்துக்கொள்ளும் ஆசையும் கிடையாது. எனவே ஒவ்வொரு ரிலீஸுக்கும் நிரலை விண்டோஸில் ஓடுகிற மென்பொருளாக மாற்றும் விண்டோஸ் பில்டைச் செய்து, டெஸ்டுகளை ஓட்டி, நல்லபடியாக இருக்கிறது என்று எழுதி அனுப்பும் பொறுப்பு எங்கள் தலையில், அதாவது என் தலையில், விழுந்தது. சம்பளமில்லாத பதவி. ஆனாலும் அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

விண்டோஸ் பில்டு என்றால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். வைரஸ் பிடிக்கிற மென்பொருள் ஒரு ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு விடாது, டெஸ்ட் ஃபெயிலாகும். ஃபோல்டர் பெயரில் ஒரு இடைவெளி இருந்தால் ஃபெயிலாகும். ஒன்றுமே இல்லாமலும் ஃபெயிலாகும். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். என்னிடம் அது இல்லை. பில்டு ஓட ஆரம்பித்த மறு நிமிடம் நான் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவேன். உட்கார்ந்து பார்த்தால் இன்னும் மெதுவாக ஓடுகிறது என்பது என் எண்ணம். அந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்த ரிலீஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆபீசில் நான் பில்டு செய்யும் கம்ப்யூட்டர், கரண்ட் எகிறிக் குதித்ததில் போர்டு எரிந்து செத்தது. வேறு வழியில்லாமல், எங்கள் வாடிக்கையாளரான ஒரு ரோலிங் மில்லின் எடைமேடைக் கேபினில் இருந்த கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். நிஜமான எடைக் கருவியும் அதோடு சேர்ந்தே இருந்தது வசதிதான். மேடையைப் பார்த்துக்கொள்பவர் கன்னியப்பன், கவரைப்பேட்டைக்காரர். லாரி வந்தால் நான் எழுந்து நாற்காலியை அவருக்கு விட வேண்டும், சீட்டு அடித்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இதுதான் ஏற்பாடு.

அந்த ரிலீஸில் ஜமீலாவின் மாற்றம் ஒன்று சேர வேண்டியிருந்தது. ஜமீலா பழவேற்காட்டுப் பெண். அப்பா இறால் வியாபாரம். எங்களிடம் சேர்ந்து ஒரு வருடம் முடியப் போகிறது, இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. எடைக் கருவி சில சமயம் எண்ணை இரண்டு துண்டாக அனுப்பும். நிரல் முதல் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு டன் லாரியை ஒரு டன் என்று சொல்லும். எத்தனையோ பேர் பார்த்துக் கைவிட்ட கோளாறு. ஜமீலா அதைச் சரி செய்தார். அந்த மாற்றம் வெளிநாட்டுக்காரர்களின் ரிலீஸில் ஏறிவிட்டால் அன்றே நிரந்தரம் என்று எங்கள் முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஏறாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை முழு பில்டும் அடியிலிருந்து செய்து முடித்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் அதற்கு மூன்று மணி நேரம் ஆனது. எல்லா டெஸ்டும் பாஸ். வெள்ளிக்கிழமை காலை சில்லறைத் திருத்தங்கள் கொஞ்சம் வந்தன. அவற்றைச் சேர்த்து பத்தே முக்காலுக்கு பில்டை ஓட விட்டேன். வழக்கம்போல லாரி வந்தது. வழக்கம்போல நான் எழுந்து டீக்கடைக்குப் போனேன். பதினொன்றேகாலுக்குத் திரும்பி வந்தால் பில்டு முடிந்திருந்தது, டெஸ்டுகள் பாஸ். அடுத்ததாக ஜமீலாவின் மாற்றத்தைச் சேர்த்தேன். மாறிய ஃபைல்களை மட்டும் மறுபடி பில்டு செய்தால் போதும், பத்து நிமிட வேலை. ஓட்டினேன். எடை படிக்கிற டெஸ்ட் ஃபெயில். திரையில் குப்பை எண்கள்.

மாற்றத்தை எடுத்தேன். பாஸ். மறுபடி சேர்த்தேன். ஃபெயில். மறுபடி எடுத்தேன். பாஸ். பன்னிரண்டரை மணிக்குள் இவ்வளவும் செய்து முடித்துவிட்டேன். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். சேர்த்தால் விழுகிறது, எடுத்தால் எழுந்து நிற்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குள் விண்டோஸ் முடிவு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் இரவு விண்டோஸ் இல்லாமலே ரிலீஸ் போகும் என்று அந்தப் பக்கத்திலிருந்து ரிலீஸைப் பார்த்துக்கொள்பவர் இரண்டே வரியில் எழுதியிருந்தார். அவர் எப்போதும் இரண்டு வரிக்கு மேல் எழுதியவர் இல்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. மாற்றத்தை எடுத்துவிட்டு விண்டோஸ் பில்டைப் பொட்டலம் கட்டி, ஆபீசுக்கு வந்து அதை அனுப்பிவிட்டு, மெயிலிங் லிஸ்டுக்கு எழுதினேன். மெயிலிங் லிஸ்ட் என்றால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஒரு முறை போய்விட்டால் திருப்பி எடுக்க முடியாது. முதல் வரியே இதுதான்: ஜமீலாவின் மாற்றம் விண்டோஸைக் கெடுக்கிறது, அதை நீக்கிவிட்டேன், முன்பே சரியாகச் சோதிக்கப்படவில்லை.

அனுப்பிய பிறகுதான் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். வரிசையைக் கவனியுங்கள். முதலில் உலகத்துக்கு, அப்புறம் அவருக்கு.

ஜமீலா திரையில் இருந்த என் கடிதத்தை முழுக்கப் படித்தார்.

"நான் ஓட்டிப் பாத்துட்டுதான் சார் குடுத்தேன். எங்க மாமாவோட ப்ரவுசிங் சென்டர்ல, முப்பது வாட்டிக்கு மேல."

"ப்ரவுசிங் சென்டர்ல ஓடிட்டா ஆச்சாம்மா? அங்க எடைமேடை இருக்கா?"

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார். ஜமீலா சிரிப்பு வந்த பக்கம் திரும்பவில்லை.

"தப்புன்னா ஒத்துக்கறேன் சார். எந்த வரின்னு காட்டுங்க."

என்னால் காட்ட முடியவில்லை. "நேரம் இல்லம்மா, ரிலீஸ் போவணும்" என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்த மாற்றம் மொத்தமே இருபது வரிதான். இருபது வரியைப் படிக்க நேரமில்லாதவனுக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுத மட்டும் நேரம் இருந்தது.

மாலையில் முதலாளி கூப்பிட்டார். லிஸ்டுக்குப் போகும் கடிதங்கள் அவருக்கும் வரும். தமிழும் தெலுங்குமாகப் பேசுகிறவர், கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"இன்னா நைனா, நம்ம கம்பெனி பேரு வெளிநாட்டுல நாறுது. அந்தப் பொண்ணு நாளையோட போதும்னு சொல்லிடு."

இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று நான் சொல்லியிருக்கலாம். சரி சார் என்றேன். கணக்காளர் மூலமாக ஜமீலாவுக்குத் தகவல் போனது. அதையும் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வேறு ரயில் மாறி வேப்பம்பட்டு போவது அந்தக் காலத்தில் எனக்கு தினசரிப் பாடு. அன்று மாறும்போது யோசனையில் எதிர்ப்பக்க பிளாட்பாரத்தில் போய் நின்று என் ரயிலை விட்டுவிட்டேன். எந்த வரி, எந்த வரி என்று அதே கேள்வி. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்த இருபது வரியின் அச்சுப் பிரதியை வைத்துப் படித்தேன். ஒவ்வொரு வரியும் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்தது எனக்குச் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது.

சனிக்கிழமை எட்டரைக்கெல்லாம் கேபினில் இருந்தேன். யாரும் வரச் சொல்லவில்லை. ஜமீலாவின் மாற்றத்தைச் சேர்த்து பில்டு செய்து டெஸ்டை ஓட்டினேன். பாஸ்.

ஒரு எழுத்தும் மாறவில்லை. அதே கம்ப்யூட்டர், அதே கருவி, அதே இருபது வரி. நேற்று இரண்டு தடவை விழுந்தது இன்று நிற்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடியிலிருந்து பில்டு செய்யலாம் என்று ஓட விட்டேன். ஒன்பது இருபதுக்கு லாரி வந்தது. கன்னியப்பன் வந்து நின்றார்.

"எந்திரி சார், போணி வண்டி வந்துகினு கீது."

எழுந்தேன். ஆனால் அன்று டீக்கடைக்குப் போகவில்லை. போக மனசில்லாமல் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். கன்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸை எடுத்தார். திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தை இரண்டு தட்டு தட்டித் திறந்து, ஒன்பது இருபதைப் பத்து ஐம்பது ஆக்கினார். பிறகு எடையைப் பார்த்துச் சீட்டு அடித்தார்.

"இன்னா கன்னியப்பன் பண்றீங்க?"

"ராவு காலம் சார். சனிக்கெழம ஒம்போதுல இருந்து பத்தர. போணி சீட்டுல ராவு கால டைம் வுழுந்துச்சுன்னா ஓனரு சீட்ட கிழிச்சு மூஞ்சில கடாசுவாரு. வண்டிய நிக்க வெச்சா டிரைவரு கத்துவான், அவன் எளாவூரு செக்போஸ்ட் தாண்டணும். அதான் டைம்ம கொஞ்சம் தள்ளிட்டு, கேட்ல சீலு போட்டுக்கினு வந்து பழையபடி வெச்சுடுவேன். அப்பால வர்ற சீட்டுக்கு ஒண்ணும் இல்ல."

"நேத்தும் பண்ணீங்களா?"

"நேத்து வெள்ளிக்கெழம, பத்தரையில இருந்து பன்னெண்டு. போணி வண்டி பத்தே முக்காலுக்கு வந்துச்சு. பண்ணாம? நீதான் டீ குடிக்கப் போயிட்டியே சார்."

உட்கார வேறு இடம் இல்லாமல் தரையில் உட்கார்ந்தேன். உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். எதை மறுபடி பில்டு செய்ய வேண்டும் என்று ஃபைலின் நேரத்தைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. நேற்று நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பில்டான ஃபைல்கள் ஒன்றரை மணி நேரம் பின்னால் வரப்போகும் நேரத்தைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. கடிகாரம் பழையபடி திரும்பியது. அதன் பிறகு நான் சேர்த்த ஜமீலாவின் மாற்றம் அவற்றைவிடப் பழையதாகத் தெரிந்தது. பழையதை ஏன் மறுபடி பில்டு செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டர் அந்த ஃபைல்களை விட்டுவிட்டது. வியாழக்கிழமையிலிருந்து தொடாமல் இருந்த ஃபைல்களில் மட்டும் மாற்றம் ஏறியது: பாதி புதியது, பாதி பழையது. அந்த அரைகுறையைத்தான் நான் ஓட்டிப் பார்த்து, ஜமீலாவின் பெயரை எழுதினேன். இன்று காலை அந்த நேரம் கடந்துவிட்டிருந்ததால் எல்லாம் ஒழுங்காக பில்டாகி பாஸானது.

வெள்ளிக்கிழமை பில்டின் பதிவைத் திறந்து பார்த்தேன். கடிகாரம் ஒத்துப்போகவில்லை, பில்டு முழுமையாக இல்லாமல் இருக்கலாம் என்று ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசியிலும் ஒரு எச்சரிக்கை இருந்தது. அது போன்ற வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடும், யார் படிக்கிறார்கள் என்று நானே உங்களுக்கு முன்னால் வந்த எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மணி ஒன்பது நாற்பது. சனிக்கிழமை ஆபீஸ் இரண்டு மணி வரை. அதற்குப் பிறகு ஜமீலா பொன்னேரிக்குப் போய் பழவேற்காடு பஸ் ஏறிவிடுவார், திங்கட்கிழமை வரமாட்டார். முழு பில்டுக்கு மூன்று மணி நேரம், டெஸ்டுக்கு அரை மணி.

"கன்னியப்பன், இனிமே ரெண்டு மணி வரைக்கும் டைம்ம தொடாதீங்க."

"போணிதான் போயிட்ச்சே சார். இனிமே எவன் எப்ப வந்தா இன்னா. நீ நாஷ்டா துன்னியா? மூஞ்சியே சரியில்ல."

கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பில்டை நிறுத்தி அழித்து மறுபடி அடியிலிருந்து ஓட விட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பில்டு முடியும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன். லாரி வரும்போது மட்டும் எழுந்து பக்கத்தில் நின்றேன். கரண்ட் இரண்டு முறை மினுக்கியது. ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய் வந்தது.

அந்த மூன்று மணி நேரத்தில் என் மனது போன இடங்களைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சும்மா விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. அந்த மாற்றம் இல்லாமலும் ரிலீஸ் போகும், அடுத்த ரிலீஸில் நானே நைசாகச் சேர்த்துவிடலாம். அது போனதும் அடுத்தது வந்தது: கன்னியப்பன் மேல் எழுதிவிட்டால் என்ன? மில்காரர் ஒருவர் கடிகாரத்தை மாற்றிவிட்டார் என்று எழுதினால் நான் தப்பித்துவிடுவேன். உண்மையும்கூட. ஆனால் அது மில்லுக்குத் தெரிந்தால் அவருடைய பிழைப்பு போகும். அவர் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தது நான்தான், என் பில்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நேற்று ஒருவர், இன்று இன்னொருவர் என்று நான் ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்று இருபதுக்கு டெஸ்டுகள் முடிந்தன. எல்லாம் பாஸ், எடை படிக்கிற டெஸ்டும் பாஸ். பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். ஜமீலாவின் மேசை துடைத்துவிட்டது போல் இருந்தது. அடையாள அட்டையை வரவேற்பில் கொடுத்துவிட்டு, டிபன் பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஜமீலா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. உங்க மாற்றத்துல தப்பு இல்ல."

அவர் உள்ளே வந்தார், ஆனால் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னேன். ராகு காலம் என்றதும் அவருக்குச் சிரிப்பு வருமென்று நினைத்தேன். வரவில்லை. புதிய பொட்டலத்தை அனுப்பிவிட்டு லிஸ்டுக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். "அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்துடுங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். விண்டோஸ் பில்டு இயந்திரத்தில் கடிகாரக் குழப்பத்தால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது, முந்தைய முடிவு சரியல்ல, நீக்கப்பட்ட மாற்றத்தை மறுபடி சேர்க்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தேன். எழுதி முடித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஜமீலா இரண்டு முறை படித்தார்.

"நேத்து லெட்டர்ல மொத வரியிலயே என் பேரு இருந்துச்சு சார். இதுல யார் பேருமே இல்லியே."

பெயரைத் தேடுகிறவன் போல நானும் அதை இன்னொரு முறை படித்தேன்.

"தப்பு பண்ணது மெஷின்னு போட்டிருக்கீங்க. இதப் படிக்கறவங்களுக்கு நான் தப்பு பண்ணலன்னு எப்படித் தெரியும்?"

குரல் உயரவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது, அதையும் அவர் துடைக்கவில்லை. நான் எழுதியதை முழுக்க அழித்தேன். மறுபடி எழுதினேன்: ஜமீலாவின் மாற்றம் சரியானது. அதைத் தவறு என்று எழுதியவன் நான். இயந்திரம் கொடுத்த எச்சரிக்கையை நான் படிக்கவில்லை, அந்த இருபது வரிகளையும் படிக்கவில்லை. அவர் முறையாகச் சோதித்துத்தான் கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கீழே என் முழுப் பெயர். கன்னியப்பனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

முதலாளி பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"உன் பேர நீயே கெடுத்துக்கினியே நைனா. எவனாவது இப்டி எழுதுவானா?"

"எழுதணும் சார். அவங்க வேலை?"

"திங்கக்கெழம வரச் சொல்லு. நீ சொல்லாத, நானே சொல்றேன்." வெளியே வந்து அவரே சொன்னார். ஜமீலா தலையாட்டிவிட்டு வரவேற்புக்குப் போய்த் தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். இரவு ரிலீஸ் போனது, அவருடைய மாற்றத்தோடு. ரிலீஸ்காரர் எனக்கு எழுதிய பதில் இந்த முறை ஒரே வரி: இதற்கு நன்றி.

பிறகு ஜமீலா எங்களிடம் ஆறு வருடம் இருந்தார். விண்டோஸ் பில்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பில்டு தொடங்கும் முன் கடிகாரத்தைச் சரிபார்க்கும் ஒரு டெஸ்டையும் எழுதிச் சேர்த்தார். அது ஏன் என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்டபோது, எங்கள் ஊரில் நேரத்துக்கும் நல்லது கெட்டது உண்டு என்று பதில் எழுதினார். அவர் பகிரங்கமாகச் செய்த ஒரே கேலி அதுதான்.

எனவே, கூப்பிட்ட இருவருக்கும் என் பதில் இதுதான். யாருடைய மாற்றம் என்று கேட்காதீர்கள். எந்த வரி என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? முடியாவிட்டால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடியிலிருந்து பில்டு செய்யுங்கள். ரிலீஸ் தள்ளிப் போனால் போகட்டும்.

ஜமீலா இப்போது வேறு இடத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். போன மாதம் பேசினார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அவருடைய பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார். முதலில் வந்தது என் வெள்ளிக்கிழமைக் கடிதம். இத்தனை வருடம் ஆகியும் அதுதான் முதலில் வருகிறது. மேடம், இது நீங்களா என்று அந்த ஆள் தயங்கித் தயங்கிக் கேட்டாராம். "அதுக்கு அடுத்த லெட்டரையும் படின்னு சொன்னேன் சார்" என்று ஜமீலா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். கேட்டவர் அடுத்ததைப் படித்திருப்பார். கேட்காமல் முதல் கடிதத்தோடு மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.